பேசி முடிப்பதற்கு முன்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் முதலில் வந்து சேர்வது போலீஸும் இல்லை, டாக்டரும் இல்லை. நாலு பெரிய மனிதர்கள் வருவார்கள். கோயில் முன்னாலோ வீட்டு வாசலிலோ உட்கார்ந்து, "ஸ்டேஷன், கோர்ட்டுன்னு எதுக்குங்க? நமக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். வரப்புத் தகராறுக்கும் கிணற்றுத் தண்ணீர்ப் பங்குக்கும் அது நல்ல புத்திதான். வழக்கு நடத்தியே காட்டை விற்றவர்களைப் பார்த்த ஊர் இது. ஆனால் வரப்புத் தகராறில் இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். பிள்ளை விஷயத்தில் பிள்ளை உள்ளே இருக்கும், வெளியே பேச்சு நடக்கும். அதன் தரப்பைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

பேரூராட்சியில் வார்டு அளவிலும், சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம அளவிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பெயர் இருந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்குத்தான். பெயர் இல்லாமல் பக்கத்து வீட்டில் குடியிருப்பவராக மட்டும் இருந்தால் இன்னும் அதிகமாக உங்களுக்குத்தான். முதலில் தெரிந்துகொள்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

முதல் போன்

எண் 1098. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். 1996இல் மும்பையில் தெருப் பிள்ளைகளுக்காகத் தொண்டு முயற்சியாகத் தொடங்கிய எண் இது. 2023 முதல் அரசே ஏற்று நடத்துகிறது, 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள்.

போனை எடுப்பவர் நம்ம ஊர்க்காரராக இருக்கமாட்டார். "துறையூர் ரோட்டுல, கோழிப்பண்ணை தாண்டி" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. நாமக்கல் மாவட்டம், எருமப்பட்டி ஒன்றியம், ஊர்ப் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள பள்ளி அல்லது ரேஷன் கடை என்று வரிசையாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஏறக்குறைய என்ன வயது, இப்போது எங்கே இருக்கிறது, இந்த நேரத்தில் ஆபத்து உண்டா, நீங்கள் கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஆதாரம் தேடிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். சந்தேகம் போதும், விசாரிப்பது அவர்கள் வேலை. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேசிய தேதி, நேரம், அவர்கள் தரும் புகார் எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டுக்குக் கடைசியில் மறுபடி வருவோம்.

அடி, ரத்தம், கையும் களவுமான விஷயம் என்றால் 1098க்குக் காத்திருக்காமல் 112 அல்லது நேராக எருமப்பட்டி காவல் நிலையம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் விதி. உள்ளே போனதும் அவர் யார் என்று கேளுங்கள். கேட்ட உடனேயே பேச்சின் தோரணை மாறும்.

போன் செய்யத் தயங்குபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பிள்ளையப் புடிச்சுட்டுப் போயி ஹோம்ல போட்டுருவாங்க." இந்தப் பயத்தைப் பெற்றோரிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். அதில் தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. குழு கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தினாலும் போதும். பிள்ளையை வீட்டோடு அனுப்பலாம், பாட்டி வீட்டில் விடச் சொல்லலாம், உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கலாம். இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்று சட்டமே சொல்கிறது. பெற்றோரும் நாமக்கல் போய்க் குழுவிடம் பேசலாம், பேச வேண்டும். கூலி நாளை விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவது சங்கடம்தான். அந்த நாளில் கூடப் போக ஒருவர் இருந்தால் பாதி பாரம் குறையும்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு. நல்ல எண்ணத்தில்தான் என்றாலும், பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயர், பள்ளி, தெரு என்று அடையாளம் தெரிகிற எதை வெளியிட்டாலும் அந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. ஊர் மறக்க நினைத்தாலும் போன் மறக்காது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு

இந்தச் சமவெளியில் குழந்தைத் திருமணம் மேளம் கொட்டி வருவதில்லை. தேர்வு முடிந்ததும் பெண் மாமன் வீட்டுக்குப் போயிருப்பாள். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வரமாட்டாள். "சேலத்துல சேத்திருக்கோம்" என்பார்கள், எந்தப் பள்ளி என்று கேட்டால் பதில் இழுக்கும். ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் இது மூக்கில் வேர்த்துவிடும். தெரியாமல் போவதில்லை, தெரிந்த பிறகு யார் சொல்வது என்பதில்தான் நாள் போகிறது.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. தடுக்கும் பொறுப்பு மாவட்ட சமூகநல அலுவலருக்கு. கல்யாணத்துக்கு இன்னும் சில நாள் இருக்கிறது என்றால் காரியம் சுலபம். நடுவர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கலாம். தடையாணையை மீறித் தாலி கட்டினால் அந்தத் திருமணம் செல்லவே செல்லாது. தடையாணை இல்லாமல் நடந்துவிட்ட திருமணம் அப்படித் தானாக ரத்தாகாது. அந்தப் பெண்தான் நீதிமன்றம் போய் ரத்துக் கேட்க வேண்டும், 18 முடிந்து இரண்டு ஆண்டுக்குள். இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு வரும் போனைவிடப் பத்து நாளைக்கு முன்பு வரும் போனுக்கு மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.

வயது வந்த மாப்பிள்ளைக்கும், நடத்தி வைத்தவர்களுக்கும், உடந்தையாக இருந்த பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஏற்பாடு செய்த தாய்க்குச் சிறை இல்லை என்று சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. தெரிந்தே கலந்துகொண்டவர்களும் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே மண்டபக்காரர், பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர், போட்டோ எடுப்பவர், பூசாரி எல்லாரிடமும் ஒரு பழக்கத்தைச் சொல்லிவையுங்கள்: முன்பணம் வாங்கும்போதே வயதுச் சான்றைப் பார்த்துவிட வேண்டும். சோதிடர் ஜாதகம் பார்க்கிறார், அதிலேயே பிறந்த தேதி இருக்கிறதே!

இன்னொன்றையும் மாப்பிள்ளை வீட்டில் நேராகச் சொல்லுங்கள். 18 வயதாகாத மனைவியோடு உறவு கொள்வது வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாலி காப்பாற்றாது. பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியும்போது பெண்ணின் வயது வெளியே வரும், வந்தால் தகவல் காவல் நிலையத்துக்குப் போகும். எத்தனையோ வீடுகளில் வழக்கு தொடங்குவது கல்யாணத்தன்று அல்ல, வளைகாப்பு சமயத்தில்.

அதிகாரிகள் வந்து நிறுத்தி, பெற்றோர் "18 முடியாமல் செய்யமாட்டோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில் அங்கேதான் வேலை ஆரம்பம். இரண்டு மாதம் கழித்து வேறு ஊர்க் கோயிலில் சத்தமில்லாமல் நடந்துவிடும். பெண்ணை மறுபடி பள்ளியில் உட்கார வைத்தால்தான் தப்பிப்பாள். திருமண ஆபத்தில் உள்ள சிறுமியைப் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்றே சட்டம் எண்ணுகிறது. ஆகவே குழந்தைகள் நலக் குழுவின் முன் அவளைக் கொண்டுபோய் ஓர் ஆணை வாங்கிவிடுங்கள், கண்காணிக்க ஒரு பிடி கிடைக்கும்.

தகப்பன்மாரிடம் சட்டத்தைவிடக் கணக்கு நன்றாக எடுபடும். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். 2022இல் அந்தப் பணத்தை அரசு படிப்புப் பக்கம் திருப்பி, செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டமாகத் தொடங்கியது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். "கல்யாணத்துக்கு இனி கவர்மெண்டு காசு இல்லீங்க, காலேஜுக்கு இருக்குது" என்று சொல்லிப் பாருங்கள்.

கைமாறும் பச்சிளம் பிள்ளை

நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. பிறந்த பெண் பிள்ளையைக் கொல்லும் வழக்கத்துக்கு அந்தப் பழைய சேலம் கெட்ட பெயர் வாங்கியிருந்தது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் ஜெயலலிதா அரசு சேலத்தில்தான் தொடங்கியது. கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, ஏனென்று கேட்கமாட்டோம் என்பது அதன் சாரம். பெண் பிள்ளையை விட்டுவிட்டுப் போக அரசே இடம் கொடுக்கிறதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் உயிரோடு ஒரு தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு அந்த வாதத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்று ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் கைதானார். பச்சிளம் குழந்தைகளுக்கு விலை பேசும் குரல் பதிவு ஊரெங்கும் பரவியது. பிறப்புச் சான்றிதழுக்கும் சேர்த்து அதில் விலை சொல்லப்பட்டிருந்தது. விசாரணை கொல்லிமலை வரை போனது, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில் அதேபோலக் குழந்தை விற்பனைப் புகாரில் அரசு மருத்துவர் ஒருவரும் தரகர் ஒருவரும் கைதானார்கள். இரண்டு ஊரும் நமக்குப் பேருந்து தூரம்.

தரகர் விற்பனை என்று சொல்லமாட்டார். "மூணாவதும் பொண்ணு, என்ன பண்ணப் போற? வசதியான இடம், பிள்ளை ராணி மாதிரி இருக்கும், ஆஸ்பத்திரிச் செலவ அவங்களே பாத்துக்குவாங்க" என்பார். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். அந்தத் தாளால் வாங்கியவருக்கும் பயனில்லை, கொடுத்தவருக்கும் பயனில்லை. பிள்ளையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனை ஊழியர்கள் செய்தால் மூன்றுக்குக் குறையாமல் ஏழு வரை. உறவுக்குள் தத்துக் கொடுக்க இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி வழி உண்டு. அதிலும் பணம் கைமாறினால் குற்றம்தான்.

வளர்க்க முடியாத தாய்க்கு நேர்வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். யாரும் திட்டக் கூடாது, பெயர் வெளியே வராது. ஒப்படைத்த பின்னும் மனம் மாறினால் 60 நாளுக்குள் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். தரகர் அறுபது நிமிஷம்கூடத் தரமாட்டார். பிள்ளை வேண்டி ஏங்குபவர்கள் மத்தியத் தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். காத்திருப்பு ஆண்டுக் கணக்கில் நீளும் என்பதை மறைக்க வேண்டாம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே தருகிறார்.

இரண்டும் பெண் என்று சோர்ந்த வீட்டுக்கு இன்னொரு செய்தி. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாயை அரசு வைப்பு நிதியாகப் போடுகிறது, 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். ஆண் வாரிசு இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக்கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், இரண்டாவது பிள்ளைக்கு மூன்று வயது ஆவதற்குள் மனுக் கொடுக்க வேண்டும். நம்ம பக்கம் நிறையப் பேர் தவறவிடுவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான்.

லாரி வீட்டுப் பிள்ளை, பண்ணை வீட்டுப் பிள்ளை

நாமக்கல் லாரி ஊர். அப்பா மகாராஷ்டிராவிலோ ஒடிசாவிலோ விபத்தில் இறந்துபோன வீடுகள் இங்கே அபூர்வம் இல்லை. மரணத்தை இறந்த இடத்தில்தான் பதிவு செய்வார்கள். ஆகவே உடலை எடுத்துவரப் போகிறவர், துக்கத்தின் நடுவிலும், அங்கத்திய இறப்புச் சான்று எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று கேட்டு, காவல் நிலைய எண்ணையும் பிரேதப் பரிசோதனைச் சீட்டின் நகலையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் பின்னால் எந்த மனுவும் நகராது. மொழி தெரியாத ஊருக்கு மறுபடி யாரை அனுப்புவது?

மிஷன் வாத்சல்யா என்ற மத்தியத் திட்டத்தில், கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் வளரும் அநாதைப் பிள்ளைகள், பெற்றோர் கொடிய நோயில் கிடக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு அன்புக் கரங்கள் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று ஆட்சியர் அலுவலக வளாகத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளையின் ஆதார், பள்ளிச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை முதல் நடையிலேயே கையில் வைத்திருங்கள். ஒரு தாள் குறைந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

கோழிப்பண்ணைகளில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வட மாநிலத்துப் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் வளர்கின்றன. டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்பினால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் காரணங்களுக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு ஒத்தாசையா முட்டை பொறுக்குது, அவ்வளவுதாங்க" என்பார் பண்ணைக்காரர். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கைகொடுப்பதற்குத்தான் சட்டத்தில் விலக்கு. அடுத்தவர் பண்ணையில் பள்ளி நேரத்தில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 20,000 முதல் 50,000 வரை அபராதம், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் என் யோசனை, முதலில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு இருக்கிறது. மொழி புரியாத பிள்ளைக்கும் பொங்கல் புரியும்.

பேசவே கூடாதது

பாலியல் குற்றம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். அதாவது திண்ணையில் உட்கார்ந்து இரண்டு லட்சத்துக்குப் பேசி முடித்த பெரியவர்களும் வழக்கில் வரலாம். ராஜஸ்தானில் ஒரு பள்ளி ஆசிரியர் மீதான வழக்கில் சிறுமியின் தகப்பனும் சமரசம் என்று எழுதிக் கொடுக்க, உயர் நீதிமன்றமும் வழக்கை முடித்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, சமரசம் செல்லாது, வழக்கு நடக்கட்டும் என்றது.

பிள்ளையிடம் நீங்கள் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது சொன்னதை அது சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு நிறுத்துங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளை இருக்கும் இடத்திலேயே, சீருடை இல்லாமல், கூடிய வரை பெண் உதவி ஆய்வாளர் எடுக்க வேண்டும். பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால நிவாரணத் தொகைக்குச் சிறப்பு நீதிமன்றம் ஆணையிடலாம். இலவச வழக்கறிஞருக்கு 15100.

பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடிப்போன வழக்கும் இதே சட்டத்தில்தான் வருகிறது. சட்டம் அங்கே சம்மதத்தைப் பார்ப்பதில்லை. சாதி வேறு என்பதால் மட்டுமே பெண் வீட்டார் புகாரோடு ஓடுவதும் உண்டு. எனக்கு இதில் மனச்சங்கடம் இருக்கிறது. ஆனாலும் அதைத் தீர்க்கும் இடம் நீதிமன்றம், பெண்ணை அவசரமாக இன்னொருவனுக்குக் கட்டிவைக்கும் ஊர்க்கூட்டம் அல்ல.

அந்த நோட்டு

பாதுகாப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், சுய உதவிக் குழுவினர், பிள்ளைகளின் பிரதிநிதிகள் எல்லாரும் அதில் உண்டு. ஊராட்சியில் தலைவர்தான் கூட்ட வேண்டியவர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம்ம மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அப்படித் தலைவர் இல்லாத காலத்திலும் கூட்டம் நிற்க வேண்டியதில்லை, ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கூட்டச் சொல்லலாம்.

கூட்டத்தில் டீயும் கையெழுத்தும் மட்டும் நடந்தால், நீங்கள் உங்கள் நோட்டை எடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் பள்ளிக்கு வராமல் போன பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார் வீட்டுக்குப் போய் யார் பார்த்தது, 1098க்குச் சொன்ன புகார் எண் என்ன ஆனது, போன கூட்டத்தில் எழுதிக் கொடுத்த அந்தப் பெண் இப்போது எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயரை அங்கே வாசிக்க வேண்டாம், எண் போட்டுக் குறித்தால் போதும். பதிலை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி, ஒரு நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.